அழகாக எழுதுகிறாள், ஆனால் படிக்கத் தெரியவில்லை

வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராகப் பணியாற்றிய ஆண்டுகளில், ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமியின் நோட்டைப் பார்த்தேன். நான்கு கோடுகளுக்குள் எழுத்துகள் அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. பக்கத்துக்குப் பக்கம் ஆசிரியையின் சிவப்பு மைக் கையொப்பமும் ‘மிக நன்று’ என்ற குறிப்பும் இருந்தன. அவள் அன்று காலை எழுதிய வரியையே படிக்கச் சொன்னேன். அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். “எழுத்தெல்லாம் நல்லா இருக்கும் சார், கூச்சப்படுறா” என்றார் ஆசிரியை. அதே வரியிலிருந்து ஒரு சொல்லை மட்டும் வேறொரு தாளில் எழுதிக் காட்டினேன். அதையும் அவளால் படிக்க இயலவில்லை. ஆசிரியை அதற்குப் பிறகு நெடுநேரம் பேசவில்லை. அவர் பணியில் அக்கறை இல்லாதவர் அல்லர். நாள்தோறும் எல்லா நோட்டுகளையும் திருத்தியவர். ஆனால் அவர் திருத்தியது எழுத்தை அல்ல, ஓவியத்தை.

கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதுவதும் படிப்பதும் முற்றிலும் வேறான இரண்டு திறன்கள் என்பதைப் பெற்றோர் மட்டுமல்லாமல் பல ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியர்கள்கூட மறந்துவிடுகிறோம். தமிழ் எழுத்துமுறை இந்த மறதிக்கு எளிதாக இடம் கொடுக்கிறது. 247 எழுத்துகளில் 216 உயிர்மெய்கள். அவற்றைத் தனித்தனிப் படங்களாக மனப்பாடம் செய்ய வைத்தால் குழந்தை ‘க, கா, கி, கீ’ என்று பாட்டாகப் பாடிவிடும். நடுவில் ஒன்றைச் சுட்டிக்காட்டிக் கேட்டால் நின்றுவிடும். ‘கெ’ என்பதில் ஒற்றைக்கொம்பு முதலில் எழுதப்படுகிறது, ஆனால் அதன் ஒலி பின்னால்தான் வருகிறது. ‘கொ’ என்பதில் கொம்பு ஒரு பக்கமும் கால் மறுபக்கமுமாக மெய்யைச் சூழ்ந்து நிற்கின்றன. உகர, ஊகார வரிசைகளிலோ கு, து, மு, ரு என்று எழுத்துக்கு எழுத்து வடிவமே மாறுகிறது. இந்த இடங்களில்தான் குழந்தைகள் தடுக்கி விழுகின்றனர் என்பது ஒன்றாம் இரண்டாம் வகுப்பு எடுத்த எவருக்கும் தெரியும். பாடப்புத்தகத்தில் உள்ள சொல்லைக் கொடுத்தால் முதல் எழுத்தையும் பக்கத்துப் படத்தையும் பார்த்துக் குழந்தை ஊகித்துச் சொல்லிவிடும். ஆகவே நான் சோதிக்கும்போது ‘தோமி’, ‘கெடுபா’, ‘நொறைசு’ போன்ற பொருளற்ற சொற்களையும் இரண்டு மூன்று கலந்து தருவேன். உண்மையிலேயே எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த குழந்தை சிரித்துக்கொண்டே படித்துவிடும். தெரியாத குழந்தையிடம் அந்தச் சிரிப்பு வராது.

இந்தக் குறை நம் கல்வித் துறைக்குத் தெரியாத ஒன்றன்று. 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறை, ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியின் அனுபவத்திலிருந்து எடுத்துக்கொண்ட, பாடங்களைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் ஏணிப்படியையும் பாட அட்டைகளையும் கொண்டு, ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் முன்னேறலாம் என்ற எண்ணத்தை நம் வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் அமர்ந்ததையும், குழந்தையின் கை எட்டும் உயரத்தில் சுவரோரம் கரும்பலகை அமைந்ததையும் நான் பெரிய மாற்றங்களாகவே மதிக்கிறேன். பெருந்தொற்றுக்காக 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறக்கப்பட்டன. அந்த இடைவெளியின் விளைவைச் சரிசெய்ய 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளை வகுப்பால் பிரிக்காமல் அவர்கள் எட்டியிருக்கும் நிலையால் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. இரண்டுமே சரியான சிந்தனைகள். ஆனால் இரண்டிலும் ஒரே சரிவை நான் கண்டேன். சில மாதங்கள் கழிந்ததும் ஏணிப்படியில் குறியிடுவதும் செயலியில் பதிவேற்றுவதும் முதன்மை வேலையாகி, குழந்தையின் வாயிலிருந்து வரும் சொல்லைக் காது கொடுத்துக் கேட்பது பின்னுக்குப் போய்விடுகிறது. திட்டத்தின் பெயர் மாறும்போது பதிவேட்டின் அட்டை மட்டும் மாறுகிறது.

இதைத் தடுக்கக்கூடியவர் ஒருவர்தான், அவர் தலைமையாசிரியர். ஆனால் அவரை நாம் எந்த நிலையில் வைத்திருக்கிறோம் என்பதைக் கணக்காகப் பார்க்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஓர் ஆசிரியருக்கு 30 குழந்தைகள் என்று சொல்லும்போது அது நியாயமாகவே தோன்றும். ஆனால் வகுப்புகள் ஐந்து. ஒருவர் மூன்று வகுப்புகளையும் மற்றவர் இரண்டு வகுப்புகளையும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் நடத்துகிறார்கள், அவர்களில் ஒருவரே தலைமையாசிரியர். தொடக்கப் பள்ளியில் ஆசிரியர்களுக்கு மேலாகத் தனியே ஒரு தலைமையாசிரியர் என்று சட்டம் பேசத் தொடங்குவது குழந்தைகளின் எண்ணிக்கை 150ஐத் தாண்டிய பிறகுதான். ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியர் ஒரு கூட்டத்திற்குச் சென்றால் அன்று ஐந்து வகுப்புகளும் ஒருவர் கையில். அந்த நாளில் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பார்த்து எழுதச் சொல்வதைத் தவிர அந்த ஒருவர் வேறென்ன செய்ய முடியும்? பார்த்து எழுதும் பழக்கம் ஆசிரியரின் சோம்பலில் பிறந்ததன்று, பெரும்பாலும் இந்த நெருக்கடியில் பிறந்தது என்பதே என் உறுதியான கருத்து.

பயிற்றுநர் பணிக்குப் பின் 140 குழந்தைகள் படித்த ஒரு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகச் சென்றபோது, வேறெதையும் தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு வேலையை வழக்கமாக்கிக்கொண்டேன். நாள்தோறும் காலை முதல் பாடவேளையில் ஐந்து குழந்தைகள், ஒருவர்பின் ஒருவராக, என்னருகில் அமர்ந்து உரக்கப் படிப்பார்கள். ஒரு குழந்தைக்கு இரண்டு நிமிடங்கள் போதும். நோட்டில் ஒரு குழந்தைக்கு ஒரு பக்கம்: தேதி, எதைப் படித்தது, எந்த இடத்தில் நின்றது. ‘இரட்டைக்கொம்பில் தயங்குகிறான்’, ‘ண, ன, ந ஒன்றாகவே ஒலிக்கிறது’, ‘மெய்யெழுத்தை விட்டுவிடுகிறாள், பட்டம் படம் ஆகிவிடுகிறது’ என்பன போன்ற குறிப்புகளே அதில் இருந்தன; மதிப்பெண் இல்லை. ஒரு சுற்று முடிய 28 வேலை நாள்கள் ஆகும். ஆண்டில் ஏழு சுற்றுகள் முடிந்தன. காலை உணவுத் திட்டம் வந்த பிறகு இந்த முதல் பாடவேளையின் தன்மையே மாறியதை இங்கே குறிப்பிட வேண்டும். அதற்கு முன்பெல்லாம் அந்நேரத்தில் படிக்க வந்த குழந்தைகளில் சிலர் பசியில் எழுத்தையே பார்க்க முடியாமல் இருந்தார்கள், அதை நான் திறன் குறைவு என்று தவறாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஆசிரியர்கள் தொடக்கத்தில் இதை விரும்பவில்லை. தவறு என்னுடையதுதான். குழந்தையிடம் கண்ட குறையை ஆசிரியரின் பாடக்குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட்டேன். அது அவர்களுக்குக் குற்றப்பத்திரிகையாகப் பட்டது. என்னைவிட மூத்த ஆசிரியை ஒருவர் சில வாரங்கள் என்னோடு பணி நிமித்தம் மட்டுமே பேசினார். பிறகு முறையை மாற்றினேன். அவருடைய வகுப்பை நான் எடுத்துக்கொண்டேன், அவர் பின்வரிசையில் அமர்ந்து தம் குழந்தைகளை ஒவ்வொருவராகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டாம் நாளே அவராக வந்து, “இவ்வளவு பேர் ஊகிச்சுத்தான் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியாம போச்சு சார்” என்றார். தலைமை என்று பயிற்சிக் கூட்டங்களில் நிறையப் பேசப்படுகிறது. ஆசிரியருக்குத் தம் குழந்தைகளைத் தனித்தனியாகக் கேட்பதற்கான நேரத்தை உண்டாக்கித் தருவதைவிடப் பயனுள்ள தலைமைப் பணி ஒன்றை நான் அறியேன். பணிமூப்பால் பதவி உயர்வு பெற்று வரும் தலைமையாசிரியருக்குக் கணக்குகளையும் பதிவேடுகளையும் கற்றுத்தருகிறோம். ஒரு வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து எதைப் பார்க்க வேண்டும், பார்த்ததை ஆசிரியரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

கொள்கை வகுப்போருக்கு நான் புதிய சட்டம் எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவையான கூடுதல் கற்பித்தலை வழங்குவது ஆசிரியரின் கடமை என்று கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிரக் கல்வி சாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. இவ்விரண்டையும் உள்ளபடி நடைமுறைப்படுத்தினால் போதும். ஆண்டாய்வுக்கு வரும் அலுவலர் பதிவேடுகளைக் கேட்பதற்கு முன் நான்காம் வகுப்பில் எவரேனும் ஐந்து குழந்தைகளை அழைத்துப் படிக்கக் கேட்டால், அடுத்த வாரமே அந்த வட்டாரத்தின் எல்லாப் பள்ளிகளிலும் எது முதன்மை என்பது மாறிவிடும். ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவரை நிறுத்திவைக்கலாமா என்ற விவாதம் மீண்டும் எழுந்துள்ளது. மத்திய அரசு 2019இல் சட்டத்தைத் திருத்தி அதற்கு வழிவிட்டது, தமிழ்நாடு எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் தேர்ச்சி என்பதைத் தொடர்கிறது. இரண்டாம் வகுப்பில் ஒற்றைக்கொம்பில் தடுக்கிய குழந்தையை ஐந்தாம் வகுப்பில் நிறுத்திவைத்து என்ன பயன்? அதே கரும்பலகையைப் பார்த்து இன்னும் ஓராண்டு எழுதும், அவ்வளவுதான். அந்த அவமானத்தோடு அது பள்ளியை விட்டே போய்விடவும் கூடும்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது சுற்றுச்சுவரையும் கழிப்பறையையும் பற்றிப் பேசுவதற்கு மட்டுமன்று. ‘எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் மூன்றாம் வகுப்பில் சரளமாகப் படிப்பவர் எத்தனை பேர்?’ என்று கூட்டத்தில் கேளுங்கள். கோபமாக அல்ல, அறிந்துகொள்ளும் விருப்பத்தோடு கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதைக் கேட்கலாம். வீட்டில் பாடப்புத்தகத்தை அல்ல, பேருந்தின் பெயர்ப்பலகையையோ நியாய விலைக் கடையின் அறிவிப்பையோ படித்துக் காட்டச் சொல்லுங்கள். நோட்டு அழகாக இருக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள்.

இது தொடக்கப் பள்ளியோடு முடிந்துவிடும் சிக்கலும் அல்ல. கல்லூரிப் பேராசிரியராக உள்ள என் நண்பர்கள், முதலாண்டு மாணவர்கள் ‘நோட்ஸ்’ சொல்லச் சொல்லி எழுதிக்கொள்வதையே படிப்பு என்று கருதுவதாக வருந்துகிறார்கள். புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், குடும்பத்தில் முதன்முறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் பெரிய துணை. அப்படி வந்து சேரும் மாணவி நூலகத்தில் ஒரு நூலைத் தானே எடுத்துப் பிரித்துப் படிப்பதற்கான வேர், அவளுடைய எட்டாம் வயதில் ஊன்றப்படுகிறது.

நிறைவாக ஒரு நடைமுறைச் செய்தி. பொது மாறுதல் கலந்தாய்வு முடிந்து ஓர் ஆசிரியர் வேறு பள்ளிக்குச் செல்லும்போது, குழந்தைகளைப் பற்றி அவர் அறிந்தவை அனைத்தும் அவரோடே போய்விடுகின்றன. புதியவர் ஜூன் மாதத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார். எனக்கு மாறுதல் வந்தபோது அந்த நோட்டை மேசை இழுப்பறையில் வைத்து, பின்வருபவருக்கு நான்கு வரிகளில் ஒரு கடிதமும் எழுதிவிட்டு வந்தேன். ஜூலையில் ஒருநாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். நான்காம் வகுப்பு மாணவன் ஒருவனின் பக்கத்தில் ‘சங்கிலிக்கொம்பு’ என்று மட்டும் எழுதிக் கோடிட்டிருக்கிறதே, அதன் பொருள் என்ன என்று கேட்டார். ‘ஐ’ வரிசைக்கான குறியை எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வோம் என்றும், ‘யானை’ என்பதை அவன் ‘யானெ’ என்றே படித்துவந்தான் என்றும் சொன்னேன். “இன்னைக்குச் சரியாப் படிச்சான், அதான் தேதி போட்டு எழுதலாமான்னு கேட்டேன்” என்றார்.