ரிசர்வ் காட்டை எடுக்கப் போறோம்னு நோட்டிஸ் வந்தா நாம என்ன பண்ணலாம்

காட்டு ஓரத்துல ஹுத்தான் சிம்பான், அதாவது அரசு ஒதுக்கி வெச்ச ரிசர்வ் காடுன்னு போர்டு நட்டு வெச்சிருந்தா அந்த காட்டை இனிமே யாரும் தொட முடியாதுன்னுதான் கேஎல் (கோலாலம்பூர்) பக்கம் நம்ம ஆளுங்க நெறைய பேரு நெனச்சிட்டு இருக்காங்க. அப்படி இல்லைங்க. மாநில அரசு நெனச்சா கெஸட்ல ஒரு அறிவிப்பு போட்டு அந்த எடத்தை ரிசர்வ்ல இருந்து எடுத்துடலாம், எடுத்துட்டா அது மத்த நெலம் மாதிரிதான், வீடமைப்புக்கும் குடுக்கலாம், செம்பனை போடவும் குடுக்கலாம். ஆனா சிலாங்கூர்ல அப்படி எடுக்கறதுக்கு முன்னாடி பொதுமக்கள்கிட்ட கேட்டே ஆகணும்னு சட்டம் இருக்கு, அது நமக்கும் சேர்த்துதான், இந்த விஷயம் நெறைய பேருக்கு தெரியறதே இல்ல.

இதுக்கு அடிப்படை 1984ஆம் வருஷத்து தேசிய வனச் சட்டம், 313வது சட்டம்னு சொல்லுவாங்க. பேருதான் தேசிய சட்டம். நம்ம அரசியலமைப்புல ஒன்பதாவது அட்டவணைப்படி நெலமும் காடும் மாநிலத்து அதிகாரம், அதனால நாடாளுமன்றத்துல பாஸ் ஆனாலும் ஒவ்வொரு மாநில சட்டமன்றமும் ஏத்துக்கிட்டாதான் அங்க செல்லும். சபா சரவாக்குக்கு தனி சட்டம். சிலாங்கூர் 2005ல என்எக்ட்மென்ட், அதாவது மாநில சட்டம் போட்டு ஏத்துக்கிச்சு, 2011ல அதை திருத்தி, காட்டை எடுக்கறதுக்கு முன்னாடி பொது விசாரணை நடத்தணும்னு சேர்த்துச்சு. மத்திய அரசு இதே மாதிரி விதியை 2022 திருத்தத்துலதான் கொண்டாந்துச்சு, எடுக்கற அளவுக்கு குறையாம வேற நெலத்தை ரிசர்வா அறிவிக்கணும்னும் அதுல இருக்கு. அதனால காட்டை எடுக்கறாங்கன்னு பிரதமருக்கு மனு எழுதி வாட்ஸ்ஆப்ல சுத்த விடறது எல்லாம் சரி, ஆனா முடிவு எடுக்கற எடம் மாநில அரசு இருக்கற ஷா ஆலம், மத்திய அரசு இருக்கற புத்ராஜெயா இல்ல.

இன்னொரு விஷயம், ரிசர்வ்னா மரம் வெட்ட கூடாதுன்னு அர்த்தம் இல்ல. ரிசர்வ் காட்டை என்னத்துக்கு வெச்சிருக்கோம்னு சட்டப்படி வகை பிரிக்கணும். தண்ணி பிடிக்கற காடு, வெள்ளம் தடுக்கற காடு, மண் சரியாம காக்கற காடு, மிருகங்களுக்கு, ஆராய்ச்சிக்கு, மக்கள் போய் வரதுக்குன்னு பல வகை இருக்கு, அதுல ஒண்ணு மரம் எடுக்கற காடு, அங்க லைசன்ஸ் எடுத்தா வெட்டலாம், திரும்ப வளர விட்டு வெட்டணும்கறது கணக்கு. சிலாங்கூர் 2010ல இருந்து 25 வருஷத்துக்கு மரம் வெட்ட தடை போட்டிருக்கு. கேஎல் சுத்தி குழாயில வர்ற தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு, கிள்ளான் கேட்ஸ் டேம், பத்து டேம் ரெண்டுக்கும் மேல இருக்கறது இந்த மாதிரி காடுதான்.

இதெல்லாம் பேப்பர்ல எழுதி வெச்சதுதானே, நடக்குமான்னு கேக்கறவங்களுக்கு கோலா லங்காட் வடக்கு காட்டோட கதைய சொல்லணும். இது சதுப்புக்காடு, மண்ணே இல்ல, செத்த இலை தழை மரம் எல்லாம் தண்ணிக்குள்ள முழுசா மக்காம ஆயிரக்கணக்கான வருஷமா சேர்ந்து கெடக்கறது, அதை பீட்னு சொல்றாங்க. ஈரம் இருக்கற வரைக்கும் அது ஊறின பஞ்சு மாதிரி தண்ணிய புடிச்சு வெச்சிருக்கும், கால்வாய் வெட்டி தண்ணிய வடிச்சிட்டா காஞ்சு தரை எறங்கும், அப்புறம் ஒரு தீக்குச்சி போதும், தீ கீழயே போய் நாள் கணக்குல புகையும், மேல தண்ணி அடிச்சா சுலபத்துல அணையாது. கிள்ளான்காரங்களுக்கு இத விளக்க வேண்டியதே இல்ல, வெயில் காலத்துல ஜோஹான் செத்தியா பக்கம் பத்திக்கிட்டா என்ன நாத்தம் என்ன புகைன்னு அவங்களுக்கு தெரியும். ஒரு தடவ வடிச்ச பீட்டை பழைய நெலமைக்கு கொண்டாரது ரொம்ப கஷ்டம், வட சிலாங்கூர்ல ராஜா மூசா காட்டுல கால்வாய அடைச்சு தண்ணிய தேக்கி மரம் நட்டு வருஷக் கணக்கா பாடுபட்டுட்டு இருக்காங்க.

அந்த கோலா லங்காட் வடக்கு காடு 1927ல ரிசர்வ் ஆனப்ப 7,000 ஹெக்டருக்கு மேல, கொஞ்சம் கொஞ்சமா எடுத்து எடுத்து 958 ஹெக்டர் மாதிரிதான் மிச்சம். 2020 பிப்ரவரி 5ஆம் தேதி வன இலாகா நோட்டிஸ் போட்டுச்சு, அந்த மிச்சத்துலயும் 930.93 ஹெக்டர எடுக்கப் போறோம், ஆட்சேபம் இருந்தா சொல்லுங்கன்னு. நம்ம தோட்டத்து கணக்குல சொன்னா 2,300 ஏக்கர். காட்ட சுத்தி தெமுவான் ஒராங் அஸ்லி (பூர்வகுடி) ஜனங்க கம்பங்கள் (கிராமங்கள்) இருக்கு, அவங்க எதுத்தாங்க, சுற்றுச்சூழல் அமைப்புங்க எதுத்தாங்க, 45,000 பேருக்கு மேல ஆட்சேபம் குடுத்தாங்க. அப்படி இருந்தும் 2021 ஆகஸ்ட்ல 536.7 ஹெக்டர எடுத்தாச்சுன்னு மந்திரி புசார் (மாநில முதல்வர்) சட்டமன்றத்துல சொன்னாரு. அதுக்கப்புறம் எழும்புன சத்தத்துல செப்டம்பர் 8ஆம் தேதி அந்த முடிவை ரத்து பண்ணி திரும்ப ரிசர்வ் ஆக்கறோம்னு அறிவிச்சாங்க. அதனால ஆட்சேபம் போட்டா உடனே நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா பதிவுல அத்தனாயிரம் ஆட்சேபம் இருந்ததாலதான் பின்னாடி பேசறதுக்கு பிடிமானம் இருந்துச்சு, இது என் அபிப்பிராயம்.

எப்படி எழுதறதுன்னா, நோட்டிஸ் பேப்பர்ல வரும், வன இலாகா வெப்சைட்லயும் பாருங்க. அதுல காட்டோட பேரு, எத்தன ஹெக்டர், எதுக்காக எடுக்கறாங்க, யாருக்கு எழுதணும், கடைசி தேதி இதெல்லாம் குறிச்சுக்குங்க, கடைசி தேதிதான் முக்கியம், அது தாண்டுனா நீங்க என்ன எழுதினாலும் வேலைக்கு ஆகாது. கடிதம் மாநில வன இயக்குநர் பேருக்கு போகணும். மலாய்ல எழுதறது நல்லது, பள்ளிக்கூடத்துல படிக்கற புள்ளைங்கள விட்டு எழுத சொன்னாலும் போதும், பெரிய இலக்கியம் வேணாம். யாரோ அனுப்பின ஒரே கடிதத்துல பேர மட்டும் மாத்தி அனுப்பறத விட நீங்க எங்க இருக்கீங்க, அந்த காட்டுக்கு எவ்ளோ தூரம், வீட்டுக்குள்ள வெள்ளம் ஏறுனது எந்த வருஷம், புகை வந்தப்ப புள்ளைக்கு இளுப்பு வந்து கிளினிக் போனது, இப்படி நாலு வரி சொந்தமா எழுதுங்க. கூடவே அந்த காட்டை எந்த வகைல அறிவிச்சிருக்காங்க, மாத்து நெலம் எங்கன்னு கேள்வியும் கேளுங்க. உங்க ஏரியா ஆடுனுக்கு (மாநில சட்டமன்ற உறுப்பினருக்கு) ஒரு காப்பி போடுங்க, குடுத்ததுக்கு சாப் (முத்திரை) வாங்கி வெச்சுக்குங்க. விசாரணைக்கு கூப்பிட்டா லீவு போட்டாவது போய்ட்டு வாங்க.

விசாரணைங்கறது ஓட்டு இல்ல, கடைசி முடிவு மாநில அரசுதான். அம்பாங் பக்கம் ஈகேவிஇ (கிழக்கு கிள்ளான் பள்ளத்தாக்கு) நெடுஞ்சாலைய எத்தனையோ பேரு எதுத்தாங்க, ரோடு காட்டுக்குள்ளதான் வந்துச்சு. மாநிலத்துக்கு பணம் பெரும்பாலும் நெலத்துல இருந்துதான் வரும், காட்ட வித்தா காசு, காட்ட வெச்சிருந்தா செலவு, இதுதான் நெசமான சிக்கல். அதுக்காகத்தான் காட்ட காப்பாத்தற மாநிலங்களுக்கு மத்திய அரசு பணம் குடுக்கற திட்டம் ஒண்ணு 2019 பட்ஜெட்ல 60 மில்லியன் வெள்ளியோட (ரிங்கிட்) ஆரம்பிச்சு 2025 பட்ஜெட்ல 250 மில்லியன் வரைக்கும் வந்திருக்கு. எல்லா மாநிலமும் பங்கு போட்டா பெருசா ஒண்ணும் இல்லன்னுதான் எனக்கு படுது.

ஞாயித்துக்கெழம ஹைக்கிங் போற கூட்டத்துக்கும் இந்த சட்டம் இருக்கு. ரிசர்வ் காட்டுக்குள்ள பெர்மிட் இல்லாம ஏறுனா 47வது பிரிவுல 10,000 வெள்ளி வரை அபராதம், இல்ல மூணு வருஷம் வரை ஜெயில், இல்ல ரெண்டும். டிக்கெட் எடுத்து போற வன பார்க் வேற. மூங்கில் வேணும் மூலிகை வேணும்னு பாராங் கத்தி தூக்கிட்டு போறவங்களும் கேட்டுக்குங்க, செடியோட எந்த பாகமும், தேன், ஆத்து மணல், மேல்மண் கூட சட்டப்படி வனப்பொருள், லைசன்ஸ் இல்லாம எடுக்க கூடாது. மரத் திருட்டுக்கு 1993லயே அஞ்சு லட்சம் வெள்ளி, 20 வருஷம் ஜெயில் வரைக்கும் ஏத்திட்டாங்க.

கடைசியா கேஎல்லுக்குள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணு. கேஎல் கூட்டரசு பிரதேசம், சிலாங்கூர் என்எக்ட்மென்ட் இங்க செல்லாது. புக்கிட் நானாஸ் 1906ல இருந்து ரிசர்வ், ஆனா நம்ம வீட்டு பக்கம் பச்சையா தெரியற குன்றுங்க பெரும்பாலும் ரிசர்வே கெடையாது, புக்கிட் டிண்டிங் மாதிரி. அங்கெல்லாம் சண்டை டிபிகேஎல் (கேஎல் மாநகராட்சி) திட்டமிடல் வழியாதான், லோக்கல் பிளான்ல அந்த எடம் என்ன கலர்ல இருக்குன்னு பாக்கணும், கட்டட அடர்த்திய கூட்டறோம்னு போர்டு வெச்சா அதுல போட்டிருக்கற தேதிக்குள்ள எழுதணும். தாமான் ரிம்பா கியாரா பார்க்ல அடுக்குமாடி கட்ட அனுமதி குடுத்த கேஸ்ல டிடிடிஐ (தாமான் துன் டாக்டர் இஸ்மாயில்) குடியிருப்பாளருங்க கோர்ட்டுக்கு போய் 2023 ஏப்ரல்ல பெடரல் கோர்ட் வரைக்கும் ஜெயிச்சு அந்த கட்டட அனுமதிய ரத்து பண்ண வெச்சாங்க. அங்கயே நம்ம முன்னாள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்க லோங் ஹவுஸ்ல (வரிசை வீட்டுல) இருந்துகிட்டு சொந்த வீட்டுக்கு பல வருஷமா காத்துட்டு இருந்தாங்க, அவங்களுக்கு வீடு தரோம்னு சொன்னது அந்த புரோஜெக்ட்லதான். அதனால பார்க் வேணும்னு ஆட்சேபம் எழுதறவங்க அந்த குடும்பங்களுக்கு வீடு எங்கன்னும் அதே கடிதத்துல கேக்கணும், அத விட்டுட்டு எழுதுனா ஏழைங்களுக்கு வீடு கட்ட விடாதவங்கன்னு ஒரே வரில உங்கள ஒதுக்கிடுவாங்க.