ட்ரோப்: தேய்வழக்கா, துறையா?

என் தங்கச்சியின் மகள் மட்டக்களப்பில் கல்லடியில் இருக்கிறாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் நாட்களில், கொரிய நாடகப் பாத்திரங்களை வைத்துத் தமிழில் கதை எழுதுகிறாள். ரசிகர் புனைவு. போன மாதம் ஓர் எழுத்துப் பட்டறைக்குத் தன் கதையைக் கொண்டுபோனவள் முகம் கறுத்துத் திரும்பி வந்தாள். பகையாக இருந்த இரண்டு பேர் மழைக்கு ஒரே குடைக்குள் ஒதுங்கி, மெல்ல மெல்ல மனம் மாறும் கதை அது. நடத்தியவர் இரண்டாம் பக்கத்திலேயே நிறுத்தி, "இது ஒரு ட்ரோப். தமிழில் தேய்வழக்கு என்போம். தவிர்க்க வேண்டியது" என்றாராம்.

"பெரியம்மா, ட்ரோப் எண்டா தேய்வழக்கா? தேஞ்சு போனதெண்டா, மறுகா ஏன் நாங்க அதத் தேடித்தேடி வாசிக்கிறம்?" என்று கேட்டாள்.

அவள் கேள்வி சரியான கேள்வி. இந்த மொழிபெயர்ப்பை விமர்சனக் கட்டுரைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். இனியும் சும்மா இருக்க மனமில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் ட்ரோப்போஸ் என்றால் திருப்பம். ஒரு சொல் தன் நேர்ப்பொருளை விட்டு வேறு பொருளின் பக்கம் திரும்புவதை அணியிலக்கணக்காரர் அப்படி அழைத்தார்கள். நம் ஆகுபெயரும் உருவகமும் அந்தக் கூட்டத்தில் சேரும். பிற்காலத்தில், கதைகளில் மீண்டும் மீண்டும் வரும் ஒரு நிலைமைக்கும் அதுவே பெயராயிற்று. ரசிகர் புனைவுக்காரர்கள் இன்று சொல்வது இந்தக் கடைசிப் பொருளைத்தான்.

தேய்வழக்கு நல்ல சொல். க்ளிஷே என்பதற்கு அதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியாது. 'மதிமுகம்' என்று ஒருவர் எழுதினால் வாசிக்கிறவர் கண்ணில் நிலவும் தெரிவதில்லை, முகமும் தெரிவதில்லை. அது தேய்ந்த வழக்கு, சரி. ஆனால் ட்ரோப்புக்கு அதை வைத்தால், ஒரு பொருளின் பெயருக்குள்ளேயே அதைப் பற்றிய தீர்ப்பையும் வைத்துத் தைத்துவிடுகிறோம். 'இந்தத் தேய்வழக்கை எவ்வளவு அழகாகக் கையாண்டிருக்கிறாள்' என்று எப்படிச் சொல்வது? சொல்லே இடம்கொடுக்காது. ட்ரோப் தேயலாம், தேயாமலும் இருக்கலாம். எழுதுகிறவரின் கையைப் பொறுத்தது அது. தேய்ந்த பிறகு தேய்வழக்கு என்று திட்டுவோம். தேயும் முன்பு அதற்கு ஒரு பெயர் வேண்டாமா?

ரசிகர் புனைவு உலகத்தில் இந்தப் பெயருக்கு என்ன வேலை என்று பாருங்கள். ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற பெரிய இணையக் களஞ்சியம் 2009 இல் திறந்தது. 2019 இல், அறிவியல் புனைவுலகம் வழங்கும் ஹியூகோ விருதும் பெற்றது. அங்கே கதை போடுகிறவர் தாமே குறிச்சொற்களை இடுகிறார்: பகைவர் காதலராதல், ஒரே கட்டில் உள்ள அறை, காயப்பட்டவரைத் தேற்றுதல், செத்தவர் பிழைத்தல். வாசகர் அந்தக் குறிச்சொல்லை வைத்தே தேடிப் போகிறார். தேய்ந்து போனதை யாராவது பெயர் சொல்லித் தேடுவார்களா?

ஏன் தேடுகிறார்கள் என்பதைத்தான் பட்டறைக்காரர் யோசிக்கவில்லை. ரசிகர் புனைவில் பாத்திரங்கள் ஏற்கெனவே அறிமுகமானவர்கள். அவன் எப்படிக் கோபப்படுவான், அவள் எதற்கு வாய் திறக்கமாட்டாள் எல்லாம் வாசகருக்குத் தெரியும். அந்த இருவரையும் ஒரு குடைக்குள் நிறுத்தினால் எது முதலில் இளகும் என்பதுதான் ஆசை. முடிவு தெரிந்திருப்பதால் மனம் பதறாமல் ஒவ்வொரு அசைவையும் பார்க்கிறது. செத்தவரைப் பிழைக்கவைக்கும் கதையை எங்கள் கரையில் ஒரு பிள்ளை ஏன் திரும்பத் திரும்ப எழுதுகிறது என்று நான் விளக்கத் தேவையில்லை.

இந்த ஆசை எங்களுக்குப் புதிதும் இல்லை. வடமோடிக் கூத்தில் அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் போவான், திரும்பமாட்டான் என்று முன்வரிசையில் பாய் விரித்திருக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் விடிய விடியக் கண் விழித்திருக்கிறோம். வைகாசியில் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் கண்ணகி அம்மன் கோயில்களில் பாடுகிற 'கண்ணகி வழக்குரை' என்ற காவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணகி மாங்கனியிலிருந்து பிறக்கிறாள். சிலம்புக்கு மணி தேடிக் கப்பல் கடலோடுகிறது, அங்கே வெடியரசனோடு சண்டை நடக்கிறது. சிலப்பதிகாரத்தில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? காப்பியத்தின் மேல் தீராத காதல் கொண்ட யாரோ சேர்த்துக் கட்டியவை இவை.

இனி என் சொல்லுக்கு வருகிறேன்: துறை. தொல்காப்பியம் செய்யுளின் முப்பத்து நான்கு உறுப்புகளில் ஒன்றாகவே துறையை எண்ணுகிறது. காதலைப் பாடும் அகத்திணையில் ஒவ்வொரு நிலைமையும் ஒரு துறை: இரவில் சந்திக்கும் இரவுக்குறி, காதலர் சேர்ந்து ஊரைவிட்டுப் போகும் உடன்போக்கு, மணம் முடிக்கச் சொல்லித் தூண்டும் வரைவு கடாதல், மடலேறுதல். பெண் கிடைக்காதவன் பனைமடல் குதிரையில் ஏறித் தெருவுக்கு வருவேன் என்று மிரட்டும் துறையில் எத்தனை புலவர்கள் பாடினார்கள்! குறுந்தொகைப் பாட்டின் கீழே 'பிரிவிடை ஆற்றாளாகிய தலைவி தோழிக்கு உரைத்தது' என்பதுபோல ஒரு வரி இருக்கும். துறைக் குறிப்பு. களஞ்சியத்தில் கதையின் தலையில் இருக்கும் குறிச்சொல் செய்யும் வேலையை அந்த வரி பாட்டின் காலடியில் இருந்து செய்கிறது.

இதைவிடப் பெரிய சாட்சி ஒருதுறைக்கோவை. அமிர்தகவிராயர் 'நாணிக்கண்புதைத்தல்' என்ற ஒரே துறையில், தலைவி வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் அந்த ஒரு கணத்தை வைத்து, நானூறு பாட்டுப் பாடினார். பட்டறைக்காரர் அவரையும் இரண்டாம் பாட்டில் நிறுத்தியிருப்பாரோ?

துறை என்றால் இன்று திணைக்களம்போல ஆகிவிட்டதே, சுகாதாரத் துறை, கல்வித் துறை என்று குழம்பாதா என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் குழம்பாது. அம்பிளாந்துறை, மண்முனைத்துறை, துறைநீலாவணை என்று ஊர்ப் பெயரிலேயே சொல்லின் முதற்பொருள் உயிரோடிருக்கிறது. வாவிக்கரை நீளமானது, ஆனால் இறங்குவது எல்லாரும் இறங்கிப் பழகிய இடத்தில்தான். நீரில் இறங்கும் இடத்தையும் பாட்டின் துறையையும் கம்பர் கோதாவரியில் சேர்த்தே பார்த்தார். 'அவியகத் துறைகள் தாங்கி' என்று ஆற்றைச் சொல்லி, சான்றோர் கவியைப்போல் கிடந்தது என்றார். அப்படியும் தயக்கமென்றால் 'கதைத்துறை' என்று சொல்லுங்கள். தெளிவாக இருக்கிறது, வாயிலும் உருள்கிறது.

கருப்பொருள் என்று வேறு சிலர் எழுதுகிறார்கள். அது அகத்திணையில் தெய்வம், உணவு, மரம், பறை இவற்றின் பெயர். வார்ப்புரு என்றால் அச்சு. அதில் வார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே வரும். இரண்டும் பொருந்தாது.

உண்மையில் என் மனக்குறை இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் அகராதியில் முதலில் அகப்படுவதை எடுத்து ஒட்டிவிடும் பழக்கம்தான் என்னை வருத்துகிறது. ரசிகர் புனைவை 'விசிறிக் கதை' என்று எழுதினால் எப்படிப் பொறுப்பது? ரசிகரைக் குறிக்கும் ஃபேன், கோயிலைக் குறிக்கும் ஃபானும் என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. கோயிலே கதியென்று கிடக்கும் வெறியனைச் சொன்னது. காற்று வீசும் ஃபேன் வேறு சொல். அதன் மூலம் வன்னுஸ், நெல் புடைக்கும் கூடை. எங்கள் சுளகு மாதிரி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலானந்தர் ஷேக்ஸ்பியரைப் பற்றி எழுதியபோது தமிழ் நாடக இலக்கணத்தையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதினார். அந்த மண்ணில் இருந்துகொண்டு நாம் சொந்த இலக்கணத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் சொல் செய்கிறோம்.

பிள்ளைக்கு இதையெல்லாம் ஒரு பின்னேரம் சொன்னேன். குறுந்தொகைப் புத்தகத்தை வாங்கித் துறைக் குறிப்புகளை மட்டும் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டுபோனாள். பிறகு தன் கதையை எடுத்து, தலைப்புக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'மழைக்கு ஒதுங்கிய பகைவன், குடை பிடித்தவளுக்கு உரைத்தது.'