என்கவுன்ட்டரில் ஒருவர் இறந்தால் போலீஸ் எப்படிப் பதில் சொல்ல வேண்டும்

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், சந்திரகிரி பக்கம், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 பேரை ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. இறந்தவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட மலைக் கிராமத்துக் கூலிகள். சித்தூர், நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழர்களிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பதில் வரும். "மரம் வெட்டப் போனா சுடத்தான் செய்வான்" என்பது ஒன்று. "போலீஸ் மேல கேஸ் போட முடியுமா என்ன?" என்பது இன்னொன்று. சட்டப்படி இரண்டுமே தப்பு.

கைது செய்யப் போகும் போலீஸ், எதிர்ப்பவரை அடக்கத் தேவையான பலத்தைக் காட்டலாம். ஆனால் தூக்கோ ஆயுளோ கிடைக்கக்கூடிய குற்றம் சுமத்தப்படாத ஒருவரைக் கைது செய்கிறேன் என்று சொல்லிக் கொல்லும் உரிமை கிடையாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43வது பிரிவு இதைச் சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 46. செம்மரம் வெட்டினால் பல வருடம் ஜெயில் உண்டு. தூக்கோ ஆயுளோ இல்லை. ஆக, தப்பி ஓடுகிற கூலியின் முதுகில் சுட்டுவிட்டு 'பிடிக்கத்தான் சுட்டோம்' என்று சொல்ல முடியாது.

மிச்சம் இருப்பது தற்காப்பு ஒன்றுதான். இதில் காக்கிச் சட்டைக்கென்று தனிச் சலுகை இல்லை. உங்களுக்கும் எனக்கும் உள்ள அதே உரிமைதான். உயிர் போய்விடும், பலத்த காயம் படும் என்ற நியாயமான பயம் இருந்திருக்க வேண்டும். தேவைக்கு மேல் போயிருக்கக் கூடாது. 'கல்லெறிந்தார்கள், கோடாலியோடு பாய்ந்தார்கள்' என்பது வழக்கமாக வரும் விளக்கம். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் வழக்கு விசாரணைக்கு வந்தால் தற்காப்பு என்று காட்ட வேண்டிய பொறுப்பு சுட்டவருடையது. நல்லெண்ணத்தோடு கடமையைச் செய்யும்போது எல்லை மீறிவிட்டார் என்று கோர்ட் நம்பினால் குற்றம் கொலையிலிருந்து ஒரு படி குறையும். அதற்காக ஒன்றுமில்லாமல் போய்விடாது. 'மேலதிகாரி சொன்னார், சுட்டேன்' என்பதும் எடுபடாது.

நடைமுறையில் முதல் எஃப்.ஐ.ஆர். பெரும்பாலும் செத்தவர் மேலேயே போடப்படும்: போலீசைக் கொல்ல முயன்றதாக. சுட்டவர்கள் மேல் கொலை வழக்குப் பதிய வேண்டும், தற்காப்பா இல்லையா என்பதை அப்புறம் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2009இல் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. இன்று கையில் இருப்பது 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த 16 நெறிமுறைகள். எஃப்.ஐ.ஆர். பதிந்து தாமதமில்லாமல் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். விசாரணையைச் சுட்ட குழுவே செய்யக் கூடாது, சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் போலீசோதான் செய்ய வேண்டும். பிரேதப் பரிசோதனையை இரண்டு டாக்டர்கள் செய்ய, அது வீடியோ எடுக்கப்பட வேண்டும். துப்பாக்கிகளைச் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். சம்பவம் நடந்த கையோடு பதக்கமோ பதவி உயர்வோ கூடாது. நெறிமுறை மீறப்பட்டதாக நினைத்தால் குடும்பத்தார் அந்தப் பகுதி செஷன்ஸ் நீதிபதியிடம் புகார் கொடுக்கலாம். பலருக்கும் தெரியாத வழி இது.

மாஜிஸ்திரேட் விசாரணையும் கட்டாயம். அதில் உறவினர்கள் உடனிருக்க உரிமை உண்டு. ஆனால் இந்த விசாரணையில் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம் என்பேன். யாரையும் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அங்கே பதிவாகும் உங்கள் வாக்குமூலம் பின்னால் உதவும், அதற்காகப் போகலாம்.

அரசு ஊழியர் மேல் வழக்கு நடத்த அரசின் முன்அனுமதி வேண்டும் என்பது அடுத்த தடை. புதிய சட்டத்தின் 218வது பிரிவில் 120 நாளுக்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும். போலி என்கவுன்ட்டர் கடமையில் சேராது, அதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தண்டனை கிடைத்த கதையே இல்லையா என்றால், கேரளத்தில் இருக்கிறது. 1970இல் வயநாடு திருநெல்லியில் நக்சலைட் வர்கீஸ் மோதலில் செத்ததாகச் சொன்னார்கள். 1998இல் ஒரு போலீஸ்காரர், மேலதிகாரி மிரட்டியதால் நான்தான் சுட்டேன் என்று வெளியே சொன்னார். வழக்கு முடியும் முன்பே அவர் இறந்துவிட்டார். உத்தரவு போட்ட அதிகாரி லட்சுமணா, ஐ.ஜி.யாக ஓய்வு பெற்றவர், 2010இல் ஆயுள் தண்டனை பெற்றார். நாற்பது வருடம் ஆனது.

எல்லை தாண்டி வரும் குடும்பத்துக்கு உண்மையான சிக்கல் முதல் சில நாளில்தான். சவக்கிடங்கு வாசலில் தெலுங்கில் எழுதிய தாளை நீட்டி, "இங்க ஒரு கைநாட்டு வைம்மா, பாடிய கொடுத்துடுவோம்" என்பார்கள். படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் கைநாட்டு வைக்காதீர்கள். சித்தூர் கோர்ட்டில் தமிழ் தெரிந்த வக்கீல்கள் உண்டு. பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். கூப்பிட வேண்டிய எண் 15100. உடலை எரிக்காமல் புதைப்பது நல்லது, மறு பரிசோதனை கேட்க வழி இருக்கும். சேஷாசலத்தில் இறந்த சிலரின் உடல்களுக்கு அப்படி மறு பரிசோதனை நடந்தது. அங்கே சிலரைப் பஸ்ஸிலிருந்தே இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று சாட்சிகள் சொன்னதால், செத்தவரின் செல்போன் எண்ணும் பஸ் டிக்கெட்டும் எவ்வளவு முக்கியம் என்று புரிந்திருக்கும். போன் விவரங்களைக் கம்பெனிகள் என்றைக்கும் வைத்திருக்க மாட்டார்கள். பாதுகாக்கும்படி கோர்ட்டில் சீக்கிரம் கேளுங்கள்.

நஷ்டஈடு தனி வழி. அதற்குப் போலீஸ்காரர் தண்டனை பெறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட், அதாவது அரசுக்கு உத்தரவிடக் கேட்கும் மனு, போடலாம். தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை. சேஷாசலம் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் இடைக்கால உதவி தரச் சொன்னது அந்த ஆணையம்தான், ஆனால் அதன் சொல் பரிந்துரை மட்டுமே. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் மனு போக வேண்டும். மாநில ஆணையத்தில் ஏற்கெனவே மனு இருந்தால் தேசிய ஆணையம் எடுக்காது, எனவே எங்கே கொடுப்பது என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டு ஒரே இடத்தில் கொடுங்கள்.