மாடியில் மீன்தொட்டி, கீழே ஃபில்டர்: இறங்கும் குழாய்க்குள் நடப்பது என்ன?

"முதல் மாடி ஹாலில் நாலடி மீன்தொட்டி இருக்கிறது. ஃபில்டர் தொட்டியைத் தரைத்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் வைக்கலாமா? மேலிருந்து இறங்கும் தண்ணீரின் எடையே கீழிருக்கும் தண்ணீரைத் திரும்ப மேலே தள்ளிவிடாதா? பெரிய மோட்டார் எதற்கு?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தாராளமாக வைக்கலாம். ஆனால் இறங்கும் தண்ணீர் எதையும் தள்ளாது. காற்றே புகாத, முழுவதும் மூடிய வளையமாகக் குழாய் இருந்தால் அவர் சொல்வது சரி. இறங்கும் பக்கத்து எடையும் ஏறும் பக்கத்து எடையும் சமமாகி, மோட்டார் உராய்வை மட்டும் சமாளித்தால் போதும். இங்கே இரண்டு தொட்டிகளும் காற்றுக்குத் திறந்திருக்கின்றன. கீழ்த்தொட்டியில் விழுந்த கணத்தில் தண்ணீரின் ஆற்றல் சுழலாகவும் சத்தமாகவும் துளி வெப்பமாகவும் கரைந்துவிடும். மோட்டார் ஒவ்வொரு லிட்டரையும் முதலிலிருந்து தூக்கியாக வேண்டும்.

மேல் நீர்மட்டத்துக்கும் கீழ் நீர்மட்டத்துக்கும் 4 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 2000 லிட்டர் தூக்க 22 வாட் போதும். ஆனால் சின்ன மோட்டார்கள் தின்னும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீருக்குப் போய்ச் சேர்கிறது என்றால் செலவு 65 வாட் ஆகும். ராப்பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 94 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் கிட்டத்தட்ட எல்லாமே இதற்குப் போய்விடும். வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். மோட்டார் பெட்டியில் அதிகபட்ச உயரம் 4 மீட்டர் என்று போட்டிருந்தால், 4 மீட்டரில் ஒரு சொட்டும் வராது என்று அர்த்தம். 4 மீட்டர் உயரத்தில் எத்தனை லிட்டர் தரும் என்று அதன் வரைபடத்தில் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இத்தனை செலவு செய்து தனி ஃபில்டர் தொட்டி வைப்பதன் லாபம் தெரிந்ததுதான். மொத்தத் தண்ணீர் கூடும். மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவுக்கு நிறைய இடம் கிடைக்கும். மீன் செத்தால் "வீட்டுத் திருஷ்டியை அது வாங்கிக்கொண்டது" என்று ஆறுதல் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. இந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை. அந்த பாக்டீரியா இன்னும் வளராத புதுத் தொட்டியில் மீன் சாவது பெரும்பாலும் அம்மோனியாவால்தான். திருஷ்டி என்று முடித்துவிட்டால் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. அடுத்து வாங்கி வரும் மீனும் அதே விஷத்தில்தான் போய் விழும்.

சரி, இறங்கும் குழாய்க்கு வருவோம். எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி இதுதான்.

தொட்டியின் மூலையில் கண்ணாடியால் தடுத்த சின்ன அறை ஒன்று இருக்கும். தண்ணீர் தடுப்பின் விளிம்பைத் தாண்டி அதற்குள் வழியும். அங்கிருந்து குழாய் வழியாகக் கீழே போகும். குழாயை அப்படியே திறந்துவிட்டால் தண்ணீர் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். ராத்திரி முழுக்கக் களக் களக் என்ற சத்தம், கீழே நுரை. காற்றே இல்லாமல் குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்து இறங்கினால் சத்தம் அடங்கிவிடும். இதைத்தான் முழு சைஃபன் என்கிறார்கள்.

ஆனால் 4 மீட்டர் உயரம் சும்மா இருக்காது. விழும் தண்ணீரின் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று இத்தாலியரான டோரிசெல்லி 1644-லேயே எழுதிவிட்டார். அந்தக் கணக்கின்படி உராய்வே இல்லாவிட்டால் நொடிக்கு 9 மீட்டர் வேகம் வரும். நமக்குத் தேவையோ, 25 மி.மீ. குழாயில் நொடிக்கு ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய வேகம்தான். அதனால் வால்வு போட்டு நெரிக்க வேண்டும்.

அந்த வால்வை எங்கே வைப்பது? கைக்கு எட்டுகிறதே என்று பலர் மேலேயே வைத்துவிடுகிறார்கள். அப்போது வால்வுக்குக் கீழே 4 மீட்டர் நீர்த்தம்பம் தொங்கிக்கொண்டு, தன் எடையால் கீழ்நோக்கி இழுக்கும். வால்வுக்கு அடியில் அழுத்தம் வெளிக்காற்றைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். தண்ணீரில் கரைந்திருந்த காற்று குமிழியாகப் பிரியும். எங்காவது ஒரு எல்போவில் பசை சரியாக ஒட்டாவிட்டால் அது வழியாகவும் காற்று உள்ளே போகும். தண்ணீர் வெளியே வராததால் ஓட்டை கண்ணுக்கும் தெரியாது. வால்வைக் கீழே, ஃபில்டர் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் கதையே மாறும். அதற்கு மேலே உள்ள குழாய் முழுக்க வெளிக்காற்றைவிட அழுத்தம் கூடுதல். குமிழி பிரியாது, ஓட்டை இருந்தால் சொட்டிக் காட்டிக் கொடுக்கும், விழும் ஆற்றல் முழுவதும் வால்வின் இடுக்கில் செலவாகிவிடும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. மோட்டார் அனுப்பும் அளவும் சைஃபன் இறக்கும் அளவும் இம்மி பிசகாமல் ஒத்துப்போகாது. அறையில் நீர்மட்டம் 5 செ.மீ. உயர்ந்தால் சைஃபன் எவ்வளவு கூடுதலாக இழுக்கும்? ஸ்டாண்டுக்கு அடியிலேயே ஃபில்டர் இருந்து உயரம் 80 செ.மீ.தான் என்றால், 3 சதவீதம். மணிக்கு 60 லிட்டர் கூடும்; மட்டம் தானாகச் சமன்பட்டுவிடும். 4 மீட்டர் உயரத்தில் அதே 5 செ.மீ. வெறும் 0.6 சதவீதம்தான், மணிக்கு 12 லிட்டர். குழாய் உயர உயர சைஃபனுக்கு மேலே நடப்பது உறைப்பதே இல்லை. குழாய் வாயில் உள்ள சல்லடையில் கொஞ்சம் பாசி சேர்ந்தாலே சமநிலை போய்விடும்.

ஆகவே இரண்டாவது குழாய் ஒன்று வேண்டும். அதன் வாய், சைஃபன் குழாயின் வாயைவிட உயரத்தில், காற்றுக்குத் திறந்தபடி இருக்கும். வால்வு கிடையாது. குழாய் வாயின் விளிம்பைத் தாண்டி வழியும் தண்ணீர், உயரத்தின் 1.5 அடுக்கில் கூடும்; அதாவது உயரம் இரண்டு மடங்கானால் தண்ணீர் கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். சில மில்லிமீட்டர் ஏறினாலே அளவு சட்டென்று பெருகும். எனவே சைஃபன் ஒரு பிடிவாதமான அளவை இறக்கிக்கொண்டே இருக்க, ஏற்ற இறக்கம் முழுவதையும் இந்தக் குழாய் வாங்கிக்கொள்ளும். வால்வைக் கொஞ்சமாகத் திருப்பி, அறையில் மட்டம் நிலைக்கும் வரை பொறுத்திருந்து, மறுபடி திருப்ப வேண்டும். இரண்டாவது குழாயில் மெல்லிய நீர்ப்படலம் மட்டும் வழியும் இடத்தில் நிறுத்துங்கள். நுணுக்கமாகத் திருப்ப, பல சுற்று திருகித் திறக்கும் கேட் வால்வுதான் சரி. கால் சுற்றிலேயே திறந்து மூடும் பால் (ball) வால்வில் இந்த நிதானம் வராது.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை முன்பே யோசித்துவிட வேண்டும். மோட்டார் நின்றதும் ஏற்றும் குழாயே சைஃபனாகி, அதன் வாய் காற்றைத் தொடும் வரை மேல்தொட்டியை உறிஞ்சும். 120-க்கு 45 செ.மீ. தொட்டியில் ஒரு செ.மீ. மட்டம் என்பது 5.4 லிட்டர். குழாய் வாய் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 54 லிட்டர் கீழே வந்துவிடும். குழாய்களில் நின்ற தண்ணீரும் கூடவே வரும். வாயை 2 செ.மீ. ஆழத்திலேயே வையுங்கள். தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் (non-return) வால்வை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஒரு நத்தை மாட்டினாலே அது மூடாது.

குழாய்க்காக கான்கிரீட் பீமைத் துளைக்கவே கூடாது. வெளிச்சுவர் வழியாக இறக்குவது நல்லது. சைஃபன் குழாயின் நுனி கீழ்த்தொட்டியில் 2, 3 செ.மீ. மட்டும் மூழ்கட்டும். ஆழமாக மூழ்கினால், கரண்ட் திரும்பியதும் குழாயில் அடைபட்ட காற்று வெளியேற முடியாமல் திணறும்.

மீன் விடுவதற்கு முன் மெயினை அணைத்து, கீழ்த்தொட்டி வழிகிறதா என்று பாருங்கள். திரும்பப் போட்டு, சைஃபன் தானாகப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் மோட்டார் ஓடும்போதே சைஃபன் வால்வை முழுவதும் மூடிவிடுங்கள். இரண்டாவது குழாய் ஒன்றே 2000 லிட்டரையும் இறக்க வேண்டும். சத்தம் வரும், வரட்டும். ஆனால் அறையில் மட்டம் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் அந்தக் குழாய் போதவில்லை. அடுத்த பெரிய அளவுக்கு மாற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள்.