ரேடியோலிசிஸ்: கதிர்ச்சிதைவுன்னு சொல்லாதீங்க

ரேடியோலிசிஸை, அதாவது கதிர் பட்டு தண்ணி மாதிரி பொருள் உடையறதை, ‘கதிர்ச்சிதைவு’ன்னு தமிழ்ல எழுதினா குழப்பம்தான் மிஞ்சும். ஏன்னா சிதைவுங்கற சொல்லுக்கு ஏற்கனவே ஆள் இருக்கு. புளூட்டோனியம் மாதிரி அணுக்கரு தானா உடைஞ்சு கதிரைக் கக்குதே, அதுதான் கதிரியக்கச் சிதைவு. ரேடியோலிசிஸ்ல உடையறது அணுக்கருவே இல்ல, பக்கத்துல சும்மா கிடந்த தண்ணி.

ரேடியஸ் லத்தீன் சொல்லு, கதிர்னும் அர்த்தம், வண்டிச்சக்கரத்து ஆரக்கால்னும் அர்த்தம் (வட்டத்துக்கு நாம ஆரம் சொல்றோமே, அதே கற்பனைதான்). லிசிஸ் கிரேக்கம், அவிழ்க்கறது. எலக்ட்ரோலிசிஸ் ஸ்கூல் புக்லயே மின்னாற்பகுப்பு, ஹைட்ரோலிசிஸ் நீராற்பகுப்பு, அப்போ இது கதிராற்பகுப்பு, அவ்ளோதான். சுருக்கமா கதிர்ப்பகுப்புன்னு வெச்சா கதிரையே பிரிச்சு மேயற மாதிரி கேக்குது, நடுவுல அந்த ‘ஆல்’ இருந்தாதான் யாரு யாரைப் பிரிக்கறாங்கன்னு புரியும்.

இந்த வித்தியாசம் எங்க உதைக்கும்னா, பின்லாந்துல ஒல்கிலுவோட்டோ தீவுல ஓன்கலோன்னு ஒரு சுரங்கம், ரியாக்டர்ல எரிஞ்சு முடிஞ்ச எரிபொருளை சுமார் 430 மீட்டர் ஆழத்துல புதைக்கறதுக்காகவே பாறையைக் குடைஞ்சது. எரிபொருள் வார்ப்பிரும்புக்குள்ள, அதுக்கு மேல செம்புக் கலன், அதைச் சுத்தி பென்டோனைட் களிமண். எரிபொருளே சுண்டுவிரல் நுனி அளவு கறுப்பு வில்லைங்கதான், பெரும்பாலும் யுரேனியம் டை ஆக்சைடு. அந்த ஆழத்துத் தண்ணில ஆக்சிஜன் கிடையாது, அதனால 4ஆம் ஆக்சிஜனேற்ற நிலைல (அணு 4 எலக்ட்ரானை இழந்த நிலை) இருக்கற யுரேனியம் லேசுல கரையாது, கல்லு மாதிரி கிடக்கும்.

ஆனா வில்லை சும்மா இருந்தாத்தானே. கலன் என்னிக்காச்சும் ஓட்டையாகி தண்ணி வில்லையைத் தொட்டுச்சுன்னு வைங்க, உள்ள நடக்கற சிதைவுல வெளிய வர்ற ஆல்ஃபா துகள் தண்ணில சுமார் 40 மைக்ரான்தான் போகும், ஒரு மில்லிமீட்டர்ல 25ல ஒரு பங்கு, அந்த மெல்லிசான தண்ணிப் படலத்துக்குள்ளயே தன் முழு ஆற்றலையும் கொட்டிடும். தண்ணி உடைஞ்சு ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகி வில்லையோட மேற்பரப்பை ஆக்சிஜனேற்றம் பண்ணி யுரேனியத்தை 6ஆம் நிலைக்குத் தள்ளுது, அது கரையும், தண்ணில கார்பனேட் இருந்தா இன்னும் ஈசியா. ஆக்சிஜனே இல்லாத இடத்துல, ஆக்சிஜனேற்றத்துக்கு வேண்டிய சரக்கை வில்லை தானே தயாரிச்சுக்குது!

பீட்டா, காமா கதிர்களும் தண்ணியைப் பகுக்கும்தான். ஆனா அந்த வேலையப் பண்ற முக்கிய ஆளுங்க சீசியம் 137, ஸ்ட்ரான்சியம் 90, ரெண்டுக்கும் அரை ஆயுள் சுமார் 30 வருஷம், 300 வருஷத்துல ஆயிரத்துல ஒரு பங்குதான் மிஞ்சும். கலன் அதைவிட ரொம்ப காலம் தாங்கணும்னுதான் டிசைனே. எரிபொருள்ல ஆல்ஃபாவைக் கக்கற புளூட்டோனியம் 239க்கோ அரை ஆயுள் 24,100 வருஷம், அதனால தண்ணி உள்ள வர்ற காலத்துல கணக்குல நிக்கப்போறது ஆல்ஃபா கதிராற்பகுப்புதான்.

இதுல ஒரு வேடிக்கை, தண்ணி உடையறப்ப ஹைட்ரஜனும் வருது, அந்த வார்ப்பிரும்பு துருப்பிடிக்கறப்ப இன்னும் நிறைய வருது, வில்லைக்குள்ளயே ருத்தேனியம், பல்லேடியம் கலந்த குட்டிக்குட்டி உலோகத் துணுக்குங்க இருக்கு, அதுங்க வினையூக்கியா நின்னு ஹைட்ரஜனை வெச்சே 6ஆம் நிலைக்குப் போன யுரேனியத்தை மறுபடி 4க்கு இழுத்துடும்.