பிளான் போடும் முன்னால் ஒரு பாட்டில் மண்

"சார், மண்கல்லில் கட்டினால் பாதிச் செலவில் முடிஞ்சிடும் இல்ல?"

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், சூளையில் சுடாமல் மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து மெஷினில் அழுத்திய கல்லில் வீடு கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். வீட்டுச் செலவில் சுவர் ஒரு பகுதிதான். கடைக்கால், மேல்தளம், கதவு, ஜன்னல், தரை, ஒயரிங், குழாய் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. சுவரில் மிச்சம் பிடித்துவிட்டு மற்றதையெல்லாம் வழக்கம்போலச் செய்தால் கையில் பெரிதாக ஒன்றும் நிற்காது. மிச்சம் வருமா வராதா என்பது பிளான் வரைவதற்கு முன்பே முடிவாகிவிடுகிற விஷயம். அதனால் வருகிறவர்களிடம் நான் பிளானைக் கேட்பதில்லை. மனையில் இரண்டடி தோண்டி, அடியிலிருந்து ஒரு சட்டி மண் கொண்டுவரச் சொல்கிறேன்.

மேல்மண் பயிருக்கு ஆகும், கல்லுக்கு ஆகாது. அடிமண்ணைச் சலித்து, கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பி, சிட்டிகை உப்பு சேர்த்து நன்றாகக் குலுக்கி வையுங்கள். பொடிக்கல்லும் மணலும் உடனே அடியில் இறங்கும். அதன் மேல் வண்டல் படியும். களிமண் மறுநாள் வரை இறங்கிக்கொண்டிருக்கும். சிமென்ட் சேர்த்து அழுத்தும் கல்லுக்குப் பாதியளவு மணல், ஐந்தில் ஒரு பங்கு களி, மீதி பொடிக்கல்லும் வண்டலும் என்று இருந்தால் நல்லது. நம் பக்கத்துச் செம்மண் பல இடங்களில் இதற்குக் கிட்டத்தட்டப் பொருந்திவிடும். களி கூடினால் மணலோ குவாரி டஸ்ட்டோ கலந்து சரிசெய்யலாம். காய்ந்தால் பிளக்கும் கரிசலாக இருந்தால் மட்டும் ஆசையை விட்டுவிடுங்கள்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். பாலக்கோடு பக்கம் ஒரு வேலையில், கிணறு வெட்டிய மண் சும்மா கிடக்கிறதே என்று சோதிக்காமல் அடித்தோம். அத்தனையும் களி. முதல் நாள் அடித்த கல்லில் பாதிக்கு மேல் நான்காம் நாள் விரிசல் விட்டது. வீட்டுக்காரப் பெரியவர் திட்டவில்லை. "எங்கப்பா காலத்துல மண்ணை வாயில போட்டுப் பார்த்துட்டுத்தான் தம்பி மிதிப்பாங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலாம்போல இருந்தது.

சரி, மண் தேறிவிட்டது. எடையில் 5 முதல் 8 சதவீதம் சிமென்ட் கலந்து, லேசான ஈரப்பதத்தில் கைமெஷினில் அழுத்துகிறோம். 23 சென்டிமீட்டர் நீளம், 19 அகலம், 10 உயரமுள்ள கல் என்றால், 8 சதவீதம் கலந்தாலும் ஒரு மூட்டை சிமென்ட்டில் ஏறக்குறைய 80 கல் வரும். சூளை இல்லை, விறகு இல்லை, லாரி வாடகையும் இல்லை. ஆனால் மூன்று வாரம் சாக்கு போர்த்தித் தண்ணீர் காட்ட வேண்டும். "மண்தானே, காய்ந்தால் போதாதா?" என்று வேலையாட்கள் இதை விட்டுவிடுவார்கள். உள்ளே இருக்கும் சிமென்ட் இறுகுவதற்குத் தண்ணீர் வேண்டாமா? சந்தேகமிருந்தால் ஒரு கல்லை ஒரு நாள் முழுக்க வாளியில் ஊறப்போட்டு ஆணியால் கீறிப் பாருங்கள். சேறாக வழித்துக்கொண்டு வந்தால் அந்தக் கல் சுவருக்கு வேண்டாம். வங்கிக் கடன் வாங்குகிறவர்கள் ஐ.எஸ். 1725 என்ற இந்தியத் தர எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது இந்த வகைக் கல்லுக்கானதுதான். மதிப்பீட்டாளரிடம் பேச உதவும்.

அப்புறம் பழைய சாமான். இங்கேதான் எல்லோரும் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். பிளான் போட்டு, சுவர் எழுப்பி, திறப்பும் விட்ட பிறகு பழைய மரக்கடைக்குப் போனால் அந்த அளவுக்கு நிலை கிடைக்காது. சுவரை உடைக்க வேண்டும், இல்லை நல்ல தேக்கை அறுக்க வேண்டும். கதவையும் ஜன்னலையும் முதலில் வாங்கி நிழலில் அடுக்கி வைத்து, டேப்பில் அளந்து, அதற்குப் பிறகு பிளான் வரையச் சொல்லுங்கள். மரத்தில் உளுப்பு விழுந்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். கிரானைட் பட்டறைகளில் ஒதுக்கிய துண்டுகள் தரைக்கும் ஜன்னல் அடிப்பலகைக்கும் போதும். காரைக்குடித் தூண் தேடி அலைய வேண்டாம். போட்டோவில் அழகாக இருக்கும், சிக்கனம் அங்கே இல்லை. தளத்துக்குப் பழைய கம்பியும், எதற்குமே பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் கூடாது. அந்த ஷீட்டை வெட்டும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு.

இடித்த வீட்டு மங்களூர் ஓடுகளைத் தூக்கிப்போட மனம் வராதவர்களுக்கு, கேரளத்தில் சிக்கன வீடுகள் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் ஒரு வழி காட்டியிருக்கிறார். மேல்தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி; அங்கே கான்கிரீட் வெறும் சுமைதான். கம்பிக் கட்டங்களுக்கு நடுவே அந்த இடத்தில் ஓடுகளை இரண்டிரண்டாகப் படுக்க வைத்தால் கான்கிரீட் மிச்சம், எடையும் குறையும், இடையில் நிற்கும் காற்றால் சூடும் குறையும். ஓடுகளை முதலில் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், இல்லையென்றால் அவை கான்கிரீட்டின் ஈரத்தைக் குடித்துவிடும். கம்பி இடைவெளியைப் பொறியாளர்தான் கணக்கிட வேண்டும். மேஸ்திரியின் கைக்கணக்கு இதற்கு உதவாது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். கருங்கல்லில் தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி பீடம், சுவரைத் தாண்டி இரண்டடி நீளும் இறவாரம். இந்த இரண்டையும் குறைத்த வீடுகளுக்குத்தான் என்னைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவத்திலும் மழை உண்டு. கல் அடிக்கத் தை, மாசி தோது. பங்குனியில் சுவர் ஏறினால் ஆடிக்குள் தளம் மூடிவிடலாம். அப்படியென்றால் பாட்டிலை மார்கழியிலேயே குலுக்கியிருக்க வேண்டும்.