கற்றுக்கொண்டால் ஜெயிக்கலாமா? எஃப் அண்ட் ஓ-வில் இறங்கும் இளைஞர்களுக்கு ஓர் ஆடிட்டர் சொல்வது

வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஒரு பையன், "இன்வெஸ்ட்மென்ட் கொஞ்சம் இருக்கு சார்" என்று ஸ்டேட்மென்டை நீட்டினான். திறந்தால் பக்கம் பக்கமாக நிஃப்டி ஆப்ஷன். நிஃப்டி பங்குக் குறியீடு ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டும் ஒப்பந்தம் அது; ஃப்யூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ், சுருக்கமாக எஃப் அண்ட் ஓ என்பதில் ஒரு வகை. 9:20க்கு வாங்கி 9:26க்கு விற்றது, 9:31க்கு மறுபடி வாங்கியது. கடைசிப் பக்கத்தில் பெரிய நஷ்டம். அதற்குக் கீழே புரோக்கரேஜ், எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி), ஜிஎஸ்டி, முத்திரைத் தீர்வை என்று தனியாக ஒரு தொகை. அந்த வரியை அவன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போட்டுக்கொண்டிருந்த எஸ்ஐபியையும் நிறுத்திவிட்டான், போதாததற்கு பர்சனல் லோன். வரிக் கணக்கு தாக்கல் சமயத்தில் இப்படி எத்தனை பேரைத்தான் பார்ப்பது!

இந்தத் தலைமுறை மேல் எனக்கு மரியாதை உண்டு. முதல் சம்பளத்திலேயே எஸ்ஐபி தொடங்குகிறார்கள். செலவு விகிதம் பார்த்து இண்டெக்ஸ் ஃபண்ட் கேட்கிறார்கள். எஃப்டியைத் தாண்டாத அப்பாவுக்கும் பொறுமையாக எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் எஸ்ஐபி போடும் அதே செயலியில் ஆப்ஷனும் கிடைக்கிறது, அதையும் முதலீடு என்றே நினைத்துவிடுகிறார்கள்.

"நஷ்டப்படுறவங்க கத்துக்காதவங்க சார், நான் கத்துக்கிட்டிருக்கேன்." தயவுசெய்து இதை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். 2024 செப்டம்பரில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய். செலவெல்லாம் போக 1 லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதம்தான். இத்தனை பேரும் படிக்காமலா வந்தார்கள்? பங்கு வாங்கினால் பின்னால் ஒரு கம்பெனி சம்பாதிக்கிறது. ஆப்ஷனில் உங்கள் லாபம் இன்னொருவர் நஷ்டம், கட்டணம் இரண்டு பேருக்கும் உண்டு. அந்த இன்னொருவர் பெரும்பாலும் யார் தெரியுமா? அந்நிய முதலீட்டு நிறுவனங்களும், சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்யும் புரோக்கிங் நிறுவனங்களும்தான். 2023-24இல் அவை எடுத்த லாபத்தில் 96 சதவீதத்துக்கு மேல் அல்காரிதம் மூலம், அதாவது கணினி தானாகவே வாங்கி விற்றதில் வந்தது. யூடியூபில் நீங்கள் படித்த கேண்டில் பேட்டர்னை (விலை வரைபட வடிவங்களை) அந்தக் கணினி எப்போதோ படித்துவிட்டது. அதே ஆய்வில், எஃப் அண்ட் ஓ-வில் இறங்கியவர்களில் 30 வயதுக்குட்பட்டவர்களின் விகிதம் ஒரே வருடத்தில் 31இலிருந்து 43 சதவீதமாக ஏறியிருக்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான்.

டெலிகிராமில் "கால்" (இதை வாங்கு, அதை விற்று விடு என்ற டிப்ஸ்) கொடுப்பவரிடம் செபி பதிவு எண் கேளுங்கள். மழுப்பினால் உடனே வெளியேறுங்கள். லாப ஸ்கிரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்காதீர்கள், கிரெடிட் கார்டைத் தொடவே தொடாதீர்கள்.

அப்புறம், நஷ்டம்தானே என்று வரிக் கணக்கில் காட்டாமல் விடுகிறார்கள். எஃப் அண்ட் ஓ வியாபார வருமானத்தில் சேரும், ஐடிஆர்-3 என்ற வரிக் கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். கெடு தேதிக்குள் காட்டினால் நஷ்டத்தைப் பின்னால் வரும் வியாபார லாபத்தில் கழித்துக்கொள்ள 8 வருடம் வரை முன்னெடுத்துச் செல்லலாம்.

ஏற்கெனவே சிக்கியிருந்தால் வீட்டில் சொல்லிவிடுங்கள், ப்ளீஸ். திட்டுவார்கள், திட்டட்டும். வட்டி ஏற ஏறச் சொல்வது இன்னும் கஷ்டமாகும். பங்குகளை வைத்திருக்கும் டிமேட் கணக்கை மூட வேண்டியதில்லை. எஃப் அண்ட் ஓ பிரிவை மட்டும் முடக்கச் சொல்லி இன்றே புரோக்கரிடம் கேளுங்கள். எஸ்ஐபி அது பாட்டுக்கு ஓடட்டும்.